‘ஒருவகைப் பறவை’

நெய்தற் பாட்டில் ‘குருகு’ வந்தால் ‘ஒருவகை நீர்ப்பறவை’ என்பர் நம் தமிழாசிரியர் பலர். ‘நாரை’ வந்தாலும் அஃதே பொருள். மாணவர் அதனை மனனம் செய்து எழுதுவர், மதிப்பெண்ணும் கிட்டும். இலக்கிய வகுப்பில் தோன்றிய இவ்வழக்கம் ஆசிரியர் பயிற்சியின் வழியே தொடக்கப் பள்ளிக்கும் இறங்கிவிட்டது. இதனை மொழிக்கல்வி என்பது தகுமா? தகாது என்பதே என் துணிபு.

ஐங்குறுநூற்றில் நெய்தல் பாடிய அம்மூவனார் வெள்ளாங்குருகுக்கு ஒரு பத்தும் சிறுவெண்காக்கைக்கு ஒரு பத்தும் வகுத்தார். புள்ளின் வேறுபாடு அறியாதார் அவ்வாறு வகுப்பரோ? பி. எல். சாமி ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூலில் அப்பறவைகளை அறிவியல் நோக்கில் இனங்காட்டினார். நாமோ காணாமலே கற்பிக்கிறோம்.

காண இடமில்லையா? ஜொகூரின் தென்மேற்குக் கரையில் நெய்தல் நிலம் நம் அருகிலேயே கிடக்கிறது. சுங்கை பூலாய் ஆற்றுக் கண்டற்காடு, தஞ்சோங் பியாய், கூக்கூப் தீவு ஆகிய மூன்றும் 2003இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலங்களாயின. ஆற்றுக் கண்டற்காடு மட்டுமே 9,126 ஹெக்டேர். வடபுலத்துக் குளிர்காலத்தில், கடல்நீர் வற்றிச் சேறு வெளிப்படும் வேளையில், வளைந்த நீள் அலகால் இரை தேடும் கோட்டானையும், சிறுநடை பயிலும் உள்ளானையும் இக்கரையில் காணலாம். பொறுத்திருப்போர்க்கு, அரிதாகிவிட்ட மொட்டைத்தலைப் பெருநாரையும் தென்படும். மலாய் மக்கள் அதனைப் ‘பூரோங் போத்தாக்’ என்று பெயரிட்டு அறிவர். நம் மாணவனுக்கோ கோட்டான் என்றால் ஆந்தை. நாரை என்றால் கொக்கு!

தேர்வு நெருக்கடி என்பர் சிலர். தொடக்கப் பள்ளியில் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. சாக்கு மட்டும் நீங்கவில்லை. சேறும் இடரும் மிகுதி என்பர் வேறு சிலர். தஞ்சோங் பியாயில் கண்டலினூடே மரப்பாதை அமைந்துள்ளது. இஃது அறிவியலாசிரியர் பணி என்பாரும் உளர். புள்ளைக் கருப்பொருளாக வைத்து இலக்கணம் வகுத்த மொழி எது? தமிழன்றோ!

சுங்கை பூலாயின் முகத்துவாரத்தில் இன்று பெருந்துறைமுகம் நிற்கிறது. கண்டலும் சேற்றுநிலமும் குறைந்தால் புள்ளும் குறையும். பெயர் அறியாத உயிர் மறைந்தால், மறைந்ததும் நமக்குத் தெரியாது. பெயரைக் காக்கும் கடமை மொழியாசிரியர்க்கே முதலில் உரியது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே! ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவரை அக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ட புள்ளுக்குத் தமிழ்ப்பெயர் தேடி எழுதச் செய்யுங்கள். அதன்பின் ‘ஒருவகைப் பறவை’ என வரும் விடைக்கு மதிப்பெண் வழங்காதீர்கள்.