பாட்டி காலும் பத்து ரூபாய் டயப்பரும்

கைக்குழந்தைக்குக் கக்கா போகப் பழக்கலாமா, கூடாதா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று போன தலைமுறை சிரிக்கும். கழுத்து நின்றதும் பாட்டி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் குழந்தையை உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்..." என்பார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. இன்று திருநின்றவூரில் அதே பாட்டி காலை நீட்டினால், "வேணாம் அத்தை, ரெண்டு வயசு வரைக்கும் பழக்கக் கூடாதாம், மனசு பாதிக்குமாம்" என்று மருமகள் குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். பாட்டி பேசாமல் எழுந்து போகிறார். மகன் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் டயப்பர் பாக்கெட்டோடு வீடு வருகிறார்.

பாட்டி செய்ததுதான் சரி. அதற்காக மருமகளைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவள் காதில் இதை ஓதியது யார் என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த 'ரெண்டு வயசு' அமெரிக்காவிலிருந்து வந்தது. 1930களில் அங்கே அரசாங்கமே குழந்தை வளர்ப்புப் புத்தகம் போட்டு, பிறந்த சில மாதங்களிலேயே கடிகாரம் பார்த்துப் பழக்கு என்று தாய்மாரை விரட்டியது. போகாத குழந்தைக்கு சோப்புத் துண்டைச் சொருகச் சொன்ன கொடுமையும் உண்டு. இதை எதிர்த்துத்தான் 1962ல் பிரேசில்டன் என்ற குழந்தை மருத்துவர், 1170 குழந்தைகளின் விவரத்தை வைத்து, குழந்தை தயாராகும்வரை காத்திருங்கள் என்று எழுதினார். அந்தக் குழந்தைகள் பகலில் முழுசாகப் பழகியது சராசரியாக 28.5 மாதத்தில். சோப்புத் துண்டை ஒழிக்க நினைத்தது நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு முந்தைய வருஷம், 1961ல், பிராக்டர் அண்ட் கேம்பிள் பேம்பர்ஸை இறக்கியிருந்தது. 1990களின் கடைசியில் அதே டாக்டர் பேம்பர்ஸ் விளம்பரத்தில் வந்து நின்றார், பெரிய குழந்தைகளுக்கான பெரிய சைஸ் டயப்பருக்காக! காசுக்காகக் கருத்தை மாற்றினார் என்று சொல்ல முடியாது, கருத்து முதலில் வந்தது, விளம்பரம் பிறகுதான். ஆனால் ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒரு மாத விற்பனை கூடுதல் என்பது கம்பெனிக்குத் தெரியாதா என்ன?

சரி, சீக்கிரம் பழக்கினால் மனசு கெடுமா? 1977ல் கென்யாவின் டிகோ மக்களைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அங்கே பிறந்த இரண்டு மூன்று வாரத்திலேயே தொடங்குகிறார்கள், ஐந்தாறு மாதத்தில் குழந்தை பெரும்பாலும் நனைப்பதில்லை. அடி, மிரட்டல் எதுவும் கிடையாது. வியட்நாம் அம்மாக்கள் சீழ்க்கை அடிக்கிறார்கள். நம் பாட்டி 'ஸ்ஸ்ஸ்' என்கிறார். இதில் காமெடி என்னவென்றால், 2000ல் இதைப் புத்தகமாகப் போட்ட அமெரிக்கப் பெண்மணி லாரி பூக், தனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்தான் என்கிறார். நம் சரக்குதான், லேபிள் மட்டும் அங்கே ஒட்டியது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பால் குடித்து வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும், தூங்கி எழுந்ததும் மூத்திரம் வரும். அந்த நேரத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவே. "எங்க பேரன் ஆறு மாசத்துலயே சொல்லிடுவான்" என்று பாட்டிகள் பீற்றிக்கொள்வதில் பாதி டூப்பு. பழகியது பேரன் இல்லை, பாட்டிதான். தானாக அடக்கிச் சொல்லிப் போகும் கட்டுப்பாடு ஒன்றரை, இரண்டு வயதை ஒட்டித்தான் வரும். டாக்டர்கள் சொல்வது அதைத்தான். அதுவரை குழந்தை தன் கழிவிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு டயப்பர் பத்து ரூபாய், ஒரு நாளைக்கு ஐந்து என்று வைத்தால் மாதம் 1500, வருஷம் 18,000, இரண்டரை வருஷத்துக்கு 45,000 ரூபாய். ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் 12லிருந்து 5 சதவீதம் ஆக்கினார்கள், சந்தோஷம். கடலூரில் பிறந்த ஷாம்பூ சாஷே தந்திரம்தான் இங்கேயும், பெட்டிக் கடையில் ஒற்றை டயப்பர் தொங்குகிறது. எந்தக் கம்பெனி என்றாலும் "ஒரு பேம்பர்ஸ் குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். மாமிபோக்கோ செய்யும் யூனிசார்ம் கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஸ்ரீசிட்டியிலேயே தொழிற்சாலை வைத்திருக்கிறது. சந்தை எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். பயன்படுத்தியதைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும், அதற்குக் கவர் கம்பெனியே தர வேண்டும் என்று 2016லேயே விதி போட்டார்கள். குப்பை வண்டிக்காரரிடம் கேட்டால் தெரியும், வெறுங்கையால் பிரித்துப் போடுவது அவர்தான்.

ஆனால் "அந்தக் காலத்துல எல்லாம்..." என்று ஆரம்பித்து, டயப்பர் போடும் பெண்களைச் சோம்பேறி என்று திட்டும் பெரியவர்களோடு சேரவும் முடியாது. காலை ரயிலைப் பிடித்து அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மாலைவரை குழந்தையின் முகமே தெரியாது. பிரசவ விடுப்பை 2017ல் 26 வாரம் ஆக்கினார்கள், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். காண்டிராக்ட் வேலைக்காரிக்கு அந்த விடுப்பு கைக்கு வருவதே பெரும்பாடு. வந்தாலும், குழந்தையின் நேரம் பிடிபடுகிற ஆறாம் மாதத்தில் அவள் திரும்பிப் போயாக வேண்டும். பாட்டி ஊரில் இருந்தால்? முட்டிவலி இருந்தால்? பெரியவர்கள் திட்டும்போது அப்பா என்று ஒருவர் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அவருக்கும் இரண்டு கால் இருக்கிறது, நீட்டலாம்.

முழு நேரமும் முடியாவிட்டால் எழுந்ததும் ஒரு தரம், பால் குடித்ததும் ஒரு தரம் போதும். ராத்திரியும் பயணமும் டயப்பரோடு போகட்டும். குழந்தை முதுகை விறைத்து அழுதால் உடனே தூக்கிவிட வேண்டும். மலம் இறுகினால் சில நாள் விட்டுவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். நனைத்ததற்காக அடிக்கிற வீட்டில், பாட்டியானாலும் சரி அம்மாவானாலும் சரி, அந்தக் குழந்தைக்கு டயப்பரே மேல்.