டிராக்குக்குப் போகும் போர்ஷே 911: எந்த டயர் சரி? பின்பக்க இன்ஜினால் என்ன சிக்கல்?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமார் ரேஸிங் அணி 992 பிரிவில் 3-வது இடம் பிடித்தது. விடிய விடிய போன் திரையில் நாம் பார்த்த அந்தக் கார், போர்ஷே 911 ஜிடி3 கப். ரேஸுக்கென்றே தயாரிக்கப்பட்டது, நம்பர் பிளேட் மாட்டி ரோட்டில் ஓட்ட முடியாது. ஆனா அதே 911-ன் ரோடு மாடல்கள் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை பக்கம் போனால், சில நேரம் டிராக்குக்குள்ளேயே பார்க்கலாம்.

‘டிராக் டே’ என்பது ரேஸ் அல்ல. கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். பரிசு கிடையாது. அங்கே முதல் தடவை போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த டயர் போடணும்?’ என்பதுதான். எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் இது முக்கியமான கேள்வி. இன்ஜின் பின்னால் இருக்கும் காருக்கோ இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்வி.

பின்னால் இன்ஜின் இருந்தால் என்ன ஆகும்?

சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு வேகமாக வளைவில் திரும்பியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன் சக்கரம் லேசாக இருக்கும், பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு இழுக்கும்.

911-ல் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. காரின் எடையில் சுமார் 60 சதவீதம் பின் சக்கரங்கள் மேல். இதில் பெரிய லாபம் உண்டு. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால், பின் டயர்கள் தரையைக் கவ்விக்கொண்டு காரைத் தள்ளும். பிரேக் பிடிக்கும்போது மற்ற கார்களில் எடை முழுக்க முன்னால் சாய்ந்து, பின் பிரேக்குகளுக்கு வேலை குறைந்துவிடும். 911-ல் பின் சக்கரங்களும் நன்றாகவே உழைக்கும்.

பிரச்சினை, வளைவின் நடுவில் ஓட்டுநர் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கும்போதுதான் வருகிறது. எடை முன்னால் பாய்கிறது, பின் டயர்களின் அழுத்தம் குறைகிறது. ஆனா பின்னால் இருக்கும் அந்தக் கனம், பெண்டுலம் மாதிரி வளைவுக்கு வெளியே போகத்தான் பார்க்கும். அடுத்த நொடி கார் பின்னோக்கித் திரும்பி நிற்கும், நின்றால் அதிர்ஷ்டம். 1975-ல் வந்த முதல் 911 டர்போவுக்கு ‘விதவையாக்கி’ என்ற பட்டப்பெயர் வந்ததில் இதற்கும் பங்கு உண்டு. அதற்கு முன்பே, 1960-களின் 911-ல் முன் பம்பருக்குள் இரண்டு பக்கமும் இரும்பு எடைகளை வைத்துச் சமாளித்தது போர்ஷே. 1969 மாடலில் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். 1990-களில் வந்த 993 தலைமுறையின் புதிய பின் சஸ்பென்ஷன் இந்தக் குணத்தை நிறையவே அடக்கியது. இன்றைய கார்களில் எலெக்ட்ரானிக்ஸும் கைகொடுக்கிறது. ஆனாலும் இயற்பியலுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் கிடையாது, பாஸ்.

இதனால்தான் முன்னும் பின்னும் டயர் அளவு வேறு. 2021-ல் வந்த ஜிடி3-ல் முன் டயர் அகலம் 255 மில்லிமீட்டர், பின் டயர் 315. இது ஏதோ வெளிநாட்டு சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். பின்னால் இன்ஜின் இருந்த நம்ம டாடா நானோவிலும் முன் டயர் 135, பின் டயர் 155 தான்!

டயர்களில் எத்தனை வகை?

ரோட்டிலிருந்து டிராக்கை நோக்கி ஒரு கோடு போட்டால், இந்த முனையில் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ், பிரெல்லி பி ஸீரோ போன்றவை. ஆபீஸுக்கும் போகலாம், மழையிலும் ஓட்டலாம். நடுவில் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்றவை. ரோட்டில் ஓட்ட அனுமதி உண்டு, மனசு டிராக்கில். அந்தப் பக்கம் போனால் கப் 2 ஆர், டோயோ ஆர்888ஆர் மாதிரியானவை. பெயருக்குத்தான் ரோடு டயர், கோடுகள் குறைவு, ரப்பர் ரொம்ப மென்மை. கடைசி முனையில் கோடே இல்லாத ‘ஸ்லிக்’. அது ரேஸ் காருக்கு மட்டும்.

டயரின் பக்கச் சுவரில் ‘ட்ரெட்வேர்’ என்று ஒரு எண் இருக்கும். அமெரிக்க அரசின் முறைப்படி, 100 என்ற அடிப்படை டயரோடு ஒப்பிட்டு எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதற்கான அளவு அது. பைலட் ஸ்போர்ட் 4 எஸ்-க்கு 300, கப் 2-வுக்கு 180, ஆர்888ஆர்-க்கு 100. எண் குறையக் குறைய பிடிப்பு கூடும், ஆயுள் குறையும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனா இந்த எண்ணைப் போடுவது அந்தந்த கம்பெனியேதான். அதனால் ஒரு கம்பெனியின் 180-ஐயும் இன்னொரு கம்பெனியின் 200-ஐயும் தராசில் வைப்பதில் பெரிய அர்த்தமில்லை.

‘நூர்பர்க்ரிங் டைம்’ பார்த்து டயர் வாங்கலாமா?

2021-ல் 911 ஜிடி3, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் 20.8 கி.மீ. தூரத்தை 6 நிமிடம் 59.927 விநாடிகளில் சுற்றியது. பழைய ஜிடி3-ஐவிட 17 விநாடிகளுக்கும் மேல் வேகம். பலரும் கவனிக்காத விவரம், அன்று மாட்டியிருந்தது கப் 2 ஆர், அதாவது ஆப்ஷனாகத் தரப்படும் டயர். 17 விநாடியும் டயரால் வந்தது என்று சொல்ல முடியாது, சஸ்பென்ஷன், ஏரோடைனமிக்ஸ் எல்லாமே மாறியிருந்தன. ஆனா அந்த நேரத்தைக் காரின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியல்ல.

அந்தக் காரை ஓட்டியது, அந்த டிராக்கின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமான ஒரு தொழில்முறை ஓட்டுநர். உங்களுக்கும் எனக்கும் அந்த டயர் என்ன செய்யும்? இங்கேதான் பலர் தப்பு பண்ணுகிறார்கள். ‘பிடிப்பு அதிகமான டயர் போட்டால் பாதுகாப்பு அதிகம்’ என்ற நினைப்பு. பாதிதான் உண்மை. சாதாரண ஸ்போர்ட்ஸ் டயர் எல்லையை நெருங்கும்போது கீச்சிடும், நழுவுவது மெதுவாகத் தெரியும், தப்பைத் திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும். பிடிப்பு அதிகமான டயரில் உங்கள் சின்னச் சின்ன தப்புகள் வெளியே தெரியாது. எல்லையைத் தாண்டும்போது வேகமும் அதிகமாக இருக்கும், விடுவதும் சட்டென்று விடும். பின்னால் கனம் இருக்கும் காரில் அந்த ‘சட்டென்று’ ரொம்ப செலவு வைக்கும். நம் ஊர் மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகள் விலக்கப்பட்டிருக்கும், ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

என் கருத்து இது: முதல் நாலைந்து டிராக் டே-க்களுக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த டயரே போதும். அந்தப் பணத்தில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு பயிற்சியாளரைப் பிடியுங்கள். நாலைந்து சுற்றில் டயர் சூடேறி வழவழப்பாகும். அப்போது உள்ளே வந்து ஆறவிடுங்கள். ‘என் தப்பால் இல்லை, டயரால்தான் நேரம் குறையவில்லை’ என்று பயிற்சியாளரே சொல்லும் நாளில் கப் 2 பக்கம் போகலாம்.

பழைய 911 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 996 மற்றும் ஆரம்ப 997 தலைமுறை கரேரா மாடல்களில், ரொம்பப் பிடிப்பான டயரோடு நீண்ட வளைவுகளில் ஓட்டும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜினுக்குப் போதாமல் போகும் அபாயம் பேசப்படுகிறது. ஜிடி3-ல் ஆயில் தொட்டியே தனி என்பதால் இந்தக் கவலை குறைவு.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போடலாமா?

கூடாது. 911-ல் பெரும்பாலும் பின் டயர்தான் முதலில் தேயும். அளவு வேறு என்பதால் முன்பின் மாற்றிப் போடவும் வழியில்லை. அப்போது ‘பின்னால் மட்டும் கிடைத்ததைப் போட்டுக்கலாம்’ என்று தோன்றும். முன் டயர் கப் 2, பின் டயர் சாதாரண ரகம் என்று ஆகிவிட்டால், வளைவில் முன்பக்கம் கவ்விக்கொள்ளும், பின்பக்கம் விட்டுவிடும். மேலே சொன்ன பெண்டுலத்தை நாமே ஆட்டிவிட்ட கதைதான். கரேரா 4, டர்போ மாதிரி நான்கு சக்கரமும் இழுக்கும் மாடல்களில் முன்பின் டயர்களின் சுற்றளவு விகிதம் மாறினால், டிரான்ஸ்மிஷனுக்கும் தொல்லை.

போர்ஷே ஒப்புதல் கொடுத்த டயர்களில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் 0, 1, 2 என்று ஒரு எண்ணும் இருக்கும். எண் கூடினால் அந்த டயரின் அடுத்த பதிப்பு என்று பொருள், தரவரிசை அல்ல. நான்கிலும் ஒரே குறி இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

சொல்வது சுலபம், கிடைக்க வேண்டுமே? 2020 ஜூனில் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், கார் டயர்கள் உட்பட பல வகைப் புது டயர்களின் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிப்பது நோக்கம். நாம் தினசரி ஓட்டும் கார்களுக்கு இதில் பெரிய சிரமமில்லை. 315 அகலத்தில் 21 இன்ச் டயரை இங்கே யார் தயாரிக்கப் போகிறார்கள்? ஆக, இந்த மாதிரி கார் வைத்திருப்பவர் டயர் தேய்ந்த பிறகு தேட ஆரம்பித்தால், கையில் கிடைப்பதை மாட்டும் நிலைமை வரும். சீசனுக்கு முன்பே நான்கையும் ஆர்டர் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

‘ஸ்டாக்கில் இருக்கு, புத்தம் புதுசு’ என்று யாராவது சொன்னால்?

பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. ஓட்டாமல் வைத்திருந்தாலும் ரப்பர் இறுகும். கோடு ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

2013 நவம்பரில் நடிகர் பால் வாக்கர் உயிரிழந்த விபத்து நினைவிருக்கிறதா? அந்த போர்ஷே கரேரா ஜிடி-யில் (அது நடு இன்ஜின் கார்) இருந்த டயர்களுக்கு 9 வயது. மணிக்கு சுமார் 72 கி.மீ. மட்டுமே அனுமதிக்கப்பட்ட சாலையில் கார் 150 கி.மீ. வரை போனதே காரணம் என்றது விசாரணை. டயரின் வயது காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்றும் அதிகாரிகள் குறிப்பிட்டார்கள். டிராக்கில் ஓடும் டயருக்கு வயசு மட்டுமல்ல, எத்தனை முறை சூடாகி ஆறியது என்பதும் கணக்கு. ஒவ்வொரு முறையும் ரப்பர் கொஞ்சம் இறுகும். அதனால் ‘ரெண்டு டிராக் டே மட்டும்தான் ஓடியிருக்கு’ என்று விற்பனைக்கு வரும் செகண்ட் ஹேண்ட் டயரிடம் உஷார்.

காற்று எவ்வளவு?

சென்னை வெயிலில் இது தனிப் பாடம். காலையில் 28 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். சில சுற்றுகளில் டயருக்குள் இருக்கும் காற்று 68 டிகிரியைத் தொட்டால், அழுத்தம் கிட்டத்தட்ட 36 ஆகிவிடும். 10 டிகிரிக்குச் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. என்று மனசில் வைத்துக்கொள்ளலாம். அழுத்தம் கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடிப்பு குறையும். ஆகவே டிராக்கில் பார்க்க வேண்டியது சூடான பிறகு இருக்கும் அழுத்தத்தைத்தான். ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் அளந்து, கையேடு சொல்லும் அளவுக்கு இறக்க வேண்டும். நைட்ரஜன் அடித்தால் இதெல்லாம் தேவையில்லை என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாத வாயு என்பதால் அழுத்தம் கொஞ்சம் சீராக இருக்கும், அளக்கும் வேலை மிச்சமாகாது.

டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து உருண்டு போயிருந்தால், பழியை டயர் மேல் போடாதீர்கள். ரோட்டுக்கான அலைன்மென்ட்டில் முன் சக்கரம் டிராக்குக்குத் தேவையான அளவு உள்பக்கம் சாய்ந்திருக்காது. ஜிடி3-ல் இந்தச் சாய்வைக் கூட்ட வசதி கொடுத்திருக்கிறார்கள். சாதாரண கரேராவில் இடம் குறைவு.

எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் பலரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சூட்டில் 36-லிருந்து 32-க்கு இறக்கிய டயர், ஆறிய பிறகு 26, 27-க்கு வந்துவிடும். எடையெல்லாம் பின்னால் இருக்கும் காரை அந்தக் காற்றில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், டயர் வெடிக்கலாம். டிராக்கில் ஹெல்மெட்டும் தடுப்பும் ஆம்புலன்ஸும் இருந்தன. நெடுஞ்சாலையில் பக்கத்தில் போவது ஒரு குடும்பத்தின் பைக்காக இருக்கும். டயர் ஆறிய பிறகு, டிராக் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே காற்று நிரப்பிவிடுங்கள். பெட்ரோல் பங்க்கில் ஏர் மெஷின் வேலை செய்யும் என்று நம்பிப் போக வேண்டாம், சின்ன கம்ப்ரஸர் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். 911-ல் டிக்கி முன்னால்தான் இருக்கிறது.