முதலமைச்சரான பேரனும் வளைகுடாத் தமிழ்ப் பிள்ளைகளும்

2023 டிசம்பரில் துபாயில் நடைபெற்ற காலநிலை மாநாட்டுக்கு வந்திருந்த தலைவர்களுள் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் ஹம்சா யூசப்பும் ஒருவர். அங்கே அவர் துருக்கி அதிபர் எர்டோகானைச் சந்தித்தபோது பிரித்தானிய வெளியுறவுத்துறை அதிகாரி எவரும் உடனிருக்கவில்லை என்று லண்டன் சினந்தது. வெளியுறவு அமைச்சர் டேவிட் கேமரன் கண்டித்துக் கடிதமே எழுதினார். அப்போது யூசப்புக்கு வயது 38.

அவருடைய குடும்பம் 1960களில் பஞ்சாபிலிருந்து பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்து சென்றது. பாட்டனார் கிளைட்பேங்கில் சிங்கர் தையல் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தந்தை கணக்காளரானார். நம்மவர் வீடுகளிலும் கதை இதுவரை இப்படித்தான் செல்லும். மூன்றாம் தலைமுறை பொறியாளராகும், முடிந்தது. கிளாஸ்கோவில் பிறந்த யூசப்போ பல்கலைக்கழகத்தில் அரசியல் பயின்றார். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் முதல் ஆசிய உறுப்பினரான பஷீர் அகமதிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அந்த பஷீர் அகமதும் பேருந்து ஓட்டிப் பிழைத்தவரே என்பது குறிப்பிடத்தக்கது. 2011இல், 26 வயதில், உறுப்பினராகி ஆங்கிலத்திலும் உருதுவிலும் உறுதிமொழி எடுத்த யூசப், போக்குவரத்து, நீதி, நலத்துறைப் பொறுப்புகளைக் கடந்து 2023 மார்ச்சில் 52.1 விழுக்காடு வாக்குகளுடன் கட்சித் தலைவராகி முதலமைச்சரானார்.

அவரது ஆட்சியைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. போக்குவரத்து அமைச்சராக இருந்தபோதே காப்புறுதியின்றி வாகனம் ஓட்டி அபராதம் கட்டியவர் அவர். 2024 ஏப்ரலில் பசுமைக் கட்சியுடனான உடன்பாட்டைத் தாமே முறித்து, நம்பிக்கையில்லாத் தீர்மானங்களை எதிர்கொள்ள இயலாமல் பதவி விலகல் அறிவித்தார். ஆயினும் அவரை வீழ்த்தியது அவருடைய பூர்வீகமன்று, தப்புக்கணக்கு. பிற அரசியல்வாதிகள் வீழ்வதும் அதனால்தானே!

இந்தக் கதவு எப்படித் திறந்தது? காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரித்தானியாவில் சட்டப்படி வசித்தால், அந்நாட்டுக் குடியுரிமை பெறாமலே எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். ஆங்கிலம் அரைகுறையாக அறிந்த தொழிலாளிக்கும் 1960களிலேயே அவ்வுரிமை இருந்தது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்ற, உள்ளாட்சித் தேர்தல்களில் சட்டப்படி வசிக்கும் எல்லா வெளிநாட்டவருக்கும் வாக்குரிமையை விரித்தது.

வளைகுடாவில் நிலைமை வேறு. அமீரகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டினர். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கும் பெற்றோர் நாட்டுக் கடவுச்சீட்டுதான். அது அந்நாட்டின் ஏற்பாடு. வேலைக்குச் சென்றவர்கள் அறிந்தே சென்றார்கள். "அரசியல் நமக்கெதற்கு" என்று பெற்றோர் சொல்லி வளர்ப்பதும் அங்கே விவேகமே. பிள்ளை விமானமேறிய பின்னும் அந்த விவேகம் கூடவே செல்வதுதான் கவலைக்குரியது.

இந்தியக் குடிமக்களுக்கு 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிநாடுவாழ் வாக்காளர் என்ற தகுதியை அளித்தது. படிவம் 6ஏ நிரப்பினால் போதும். ஆனால் ஊருக்கு நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். பதிலாள் மூலம் வாக்களிக்க வகைசெய்யும் மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறிப் பின் காலாவதியானது. 2024 பொதுத்தேர்தலில் பதிவு செய்திருந்தோர் சுமார் 1.2 லட்சம் பேர்; வாக்களித்தோர் மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. பதிவு செய்தவர்களில் பெரும்பாலோர் கேரளத்தவர். அதே துபாயில், அதே அபுதாபியில், அதே கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழர் எங்கே போயினர்? இலங்கைத் தமிழருக்கோ 2024 தேர்தல்களிலும் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் வசதி இருக்கவில்லை.

துபாயிலும் தோகாவிலும் பள்ளிப்படிப்பை முடித்து ஆண்டுதோறும் பிரித்தானியாவுக்கு மேற்படிப்புக்குச் செல்லும் தமிழ் மாணவர் பலருக்கும் தமக்கு வாக்குண்டு என்பதே தெரிவதில்லை. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள்; மாணவர் விசாவில் இருப்பவரும் வாக்காளராகலாம். ஸ்காட்லாந்து நாடாளுமன்ற, உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிக்க 16 வயது நிறைந்தால் போதும். தங்கும் விடுதி முகவரியைக் கொடுத்து இணையவழியில் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது.