சுமப்பவள் கைக்குக் கரண்டி எப்போது?

தோழா,

நீ அன்றாடம் நடந்து செல்லும் தெருவிலே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். சற்றே நின்று பார். சாரத்தின் மீது நிற்பவன் கொத்தனார். கையிலே கரண்டி, பக்கத்திலே தூக்குக்குண்டு, ரசமட்டம். கீழிருந்து அவன் காலடிக்குக் கலவைச் சட்டி போகிறது. சுமந்து செல்பவள் சித்தாள். தலையிலே சும்மாடு, இழுத்துச் செருகிய சேலை, அதன் மீது கணவனின் பழைய சட்டை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே தெருவில் வேறொரு வீடு எழுந்தபோதும் அவள்தான் சுமந்தாள். அன்றும் சித்தாள்; இன்றும் சித்தாள். அன்று அவளோடு செங்கல் எடுத்துக் கொடுக்க வந்த அரைக்கால் சட்டைப் பையன் என்ன ஆனான், தெரியுமா? கையாள் ஆனான், கொத்தனார் ஆனான், இன்று மேஸ்திரி! "ஏம்மா, கலவை எங்கே?" என்று அவளை அதட்டுகிறானே, அவன்தான்.

ஏன் உயரவில்லை அவள்? ஒப்பந்தக்காரரைக் கேட்டுப் பார். "பெண்பிள்ளைக்குச் சாரம் ஏறத் துணிவு ஏது?" என்பார். அவள் ஏறாமலா கலவை மேலே போயிற்று? சிறகு முளைத்தா பறந்தது? அவனாவது மூங்கிலைப் பற்றிக்கொண்டு ஏறுகிறான். அவள் சட்டியைப் பிடித்த கையோடு ஏறுகிறாள். "பலம் போதாது" என்பார். கரண்டியையும் கலவை நிறைந்த சட்டியையும் தராசிலே வைத்துப் பார்க்கட்டும்! "மட்டம் பார்க்கும் கண் வேண்டுமே" என்பார். விடியற்காலையில், நூல் பிடிக்காமல், அளவுகோல் தொடாமல், வாயிலிலே வரிசை பிசகாமல் புள்ளி வைக்கிறாளே, அந்தக் கண் யாருடையது? மண் குழைத்து அடுப்புப் போடுகிறாளே, குடிசைச் சுவரை மெழுகுகிறாளே, அந்தக் கை யாருடையது? கூலியின்றிச் செய்தால் அது பெண்ணுக்கு இயல்பான வேலை. கூலி உண்டென்றால் உடனே ஆண்மகனின் தொழில்! நல்ல நியாயம்!

சட்டம் இல்லையா என்பாய். இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று அரசியல் சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. 1976-ல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. 2019-ல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த நெறி ஏறியது. ஆனால், சூழ்ச்சியைக் கவனி, தோழா. சம வேலைக்குத்தானே சம ஊதியம்? வேலையையே சமமாகத் தராவிட்டால்? கரண்டியை அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால் போதும். சட்டத்தின் ஒரு வரியையும் மீறாமல் அவள் கூலியை என்றென்றும் தாழ்த்தி வைக்கலாம். திருட்டுக்கே திருட்டு என்று பெயரில்லாத திருட்டு இது!

1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் இடத்தில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. நம் தெருவிலே வீடு கட்டும் இடத்தில் ஐம்பது சித்தாளா இருக்கிறார்கள்? அங்கெல்லாம் வேப்பங்கிளையும் சேலைத் தூளியும்தான் காப்பகம்.

2014 ஜூன் 28 நினைவிருக்கிறதா? சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அங்கே கிடந்தனர். ஆண்களும் கிடந்தனர், பெண்களும் கிடந்தனர். ஆண் யார், பெண் யார் என்று பார்த்து விழவில்லை அந்த இடிபாடு. கூலி கொடுக்கும் கைதான் பார்க்கிறது.

ஒப்பந்தக்காரரை ஏசிவிட்டு நம்மவரை விட்டுவிடலாமா? ஊர்வலத்திலே பெண்களை முன்வரிசையில் நிறுத்துகிறோம். படம் நன்றாக விழுகிறது. மேடையிலே நாற்காலி போடும்போது மறந்துவிடுகிறோம். நானும் குற்றவாளிதான். கல்லூரியை இடையிலே விட்டு வந்த என்னிடம் எவரும் சான்றிதழ் கேட்கவில்லை, ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். அந்த நான், சித்தாள் ஒருத்தியை நாயகியாக வைத்து நாடகம் எழுதினேன். மூன்று காட்சிகளில் அழ வைத்தேன், ஒரு காட்சியில் சாரத்திலிருந்து விழ வைத்தேன். கொட்டகை கண்ணீர் வடித்தது. அவள் கையிலே ஒரு கரண்டியைக் கொடுக்க எனக்குத் தோன்றவேயில்லை!

ஆகாத காரியமும் அல்ல இது. ஜார்க்கண்டிலே, தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்ட ஆள் வேண்டியிருந்தபோது, கிராமத்துப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்பித்தார்கள். செங்கல் அடுக்கினார்கள், பூசினார்கள், முடித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வந்த பெயர் 'ராணி மிஸ்திரி'. 1994-லேயே கட்டடத் தொழிலாளர்க்கு நலவாரியம் கண்ட தமிழ்நாட்டுக்கு இது முடியாதா? கட்டடச் செலவிலிருந்து பிடிக்கும் தொகை வாரியத்துக்கு வருகிறது. அதில் எத்தனை பெண்கள் கொத்தனாராகத் தேறினார்கள் என்று மாவட்டந்தோறும் கணக்குக் கேட்போம். பதிவு அட்டையில் 'சித்தாள்' என்று எழுதியவளுக்கு, ஐந்தாண்டு கழித்து அந்தச் சொல்லை அடித்துத் திருத்த வழி வேண்டும் என்போம்.

நீயும் நாளை வீடு கட்டுவாய். மேஸ்திரி முன்பணம் வாங்க வருவார். "உம்மிடம் பெண் கொத்தனார் எத்தனை பேர்?" என்று கேள். சிரிப்பார். சிரித்து முடிக்கட்டும், அதுவரை பணம் உன் மடியிலேயே இருக்கட்டும்.