சுமையும் உறக்கமும் தமிழில் இல்லையா?

மணியாச்சிச் சந்திப்பில் தூத்துக்குடித் தடம் பிரிகின்றது. அங்குப் பொறுப்பேற்று நிற்பவன் எந்த வண்டி ஓடுகின்றது, எது காத்து நிற்கின்றது, எது எதற்கு வழிவிட வேண்டும் என்பவற்றை நொடிதொறும் அறிந்திருத்தல் வேண்டும். கணினிக்குள்ளும் இதே நிலைதான். ஒரே பொழுதில் நூற்றுக்கணக்கான பணிகள் அதனுள் நிகழ்கின்றன. அவற்றுள் எது செயலகத்தின் உழைப்பை உறிஞ்சுகின்றது, எது நினைவகத்தை அடைத்துக்கொள்கின்றது என்று காட்டுவனவே செயற்பாட்டுக் கண்காணிப்புக் கருவிகள்.

1984இல் அமெரிக்கரான வில்லியம் இலெபீவர் யூனிக்சு இயங்குதளத்திற்கென ‘டாப்’ என்னும் கருவியை எழுதினார். செயலகத்தை மிகுதியாகப் பயன்கொள்ளும் பணியை அது உச்சியில் நிறுத்திக் காட்டும். 2004இல் பிரேசில் நாட்டவரான இசாம் முகம்மது தம் பெயரின் முதலெழுத்தை முன்சேர்த்து ‘எச்டாப்’ என்னும் கருவியை இலினக்சுக்கு ஆக்கினார். பல நிறங்களில் அளவுகளைக் காட்டுவதும், பணிகளை மரமாய் விரித்துக் காட்டுவதும் அதன் சிறப்புகள். அது திறவூற்று மென்பொருள். அதன் ஊற்றுநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆக்கியவரின் பணி தேங்கி நின்றபோது, 2020இல் வேறு பலர் கூடி அதனை ஏற்று மூன்றாம் பதிப்பை வெளிக்கொணர்ந்தனர். பூட்டிய மென்பொருளாயின் அஃது அன்றே மடிந்திருக்கும்!

இக்கருவியின் திரையிலுள்ள ஆங்கிலத்தைக் காட்டி, “இவற்றிற்கெல்லாம் தமிழில் சொல் ஏது?” என்று எள்ளி நகையாடுவார் உளர். அச்சொற்கள்தாம் யாவை? இறுதி 1, 5, 15 மணித்துளிகளில் கணினி தாங்கிய பளுவைக் குறிக்கும் மூன்று எண்களுக்கு ஆங்கிலன் இட்ட பெயர் ‘சுமை’. வேலையின்றிக் காத்திருக்கும் பணியை ‘உறங்குவது’ என்றான். பணியை முடிக்கும் கட்டளைக்குக் ‘கொல்’ என்று பெயரிட்டான். ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிவதைக் ‘கவை’ என்றான். பெற்றது ‘தாய்’, பிறந்தது ‘சேய்’. முடிந்தும் கணக்கிலிருந்து நீங்காத பணியைப் பேயாக்கினான். தாய்ப்பணி அதன் கணக்கை முடிப்பதை ‘அறுவடை’ என்றான். பிற பணிகளுக்கு வழிவிடும் பணிவை −20 முதல் 19 வரை எண்ணிட்டு, அதற்கு ‘நயம்’ என்னும் பொருள்படும் சொல்லை வைத்தான்.

இவற்றுள் எந்தச் சொல் கரிசற்காட்டு உழவனுக்குத் தெரியாதது? பருத்திப் பொதியின் சுமை அறியானா? வேலமரத்துக் கவை அறியானா? அறுவடை அறியானா? ஆங்கிலன் தன் அடுப்படிச் சொற்களையும் வயற்காட்டுச் சொற்களையுமே எடுத்துப் பொறிக்குச் சூட்டினான். அவன் சூட்டினால் அஃது அறிவியல். தமிழன் சூட்டினால் அது பட்டிக்காட்டுப் பேச்சா? குறை மொழியில் இல்லை. கூனிய முதுகில் இருக்கின்றது!

“கருவியை ஆக்கியவன் அயலான், அவன் மொழிதானே அதில் இருக்கும்?” என்பது அடுத்த சாக்கு. மணியாச்சியை அடுத்த ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நிறுவியபோது, கப்பல்களை அயல்நாட்டிலிருந்துதான் வாங்கினார். ஆயினும் அவற்றை ஓட்டும் உரிமை தமிழ் மண்ணில் நின்றது. அவர் பெரும்பொருள் திரட்டிப் பெற்ற உரிமையைத் திறவூற்று மென்பொருள் விலையின்றித் தருகின்றது. அதனைப் பெற்றும் வாளா இருப்பதற்கு என்ன பெயர்?

செய்ய இயலாததன்று இது. ‘கினோம்’ திரைச்சூழலின் கணினிக் கண்காணிப்புக் கருவிக்குத் தன்னார்வலர் உழைப்பால் தமிழாக்கம் ஏற்கெனவே உண்டு. அதனைத் திறந்து பார்த்த தமிழாசிரியர் எத்தனைபேர்? பள்ளிக் கணினியில் தமிழை இயக்கிக் காட்டியவர் எத்தனைபேர்? ஆக்கியவன் தடுக்கவில்லை, உரிமமும் தடுக்கவில்லை. தமிழனின் சோம்பலே தடுக்கின்றது.

தமிழாசிரியர்களே! நிரல் அறிந்த இளைஞனை அருகில் இருத்துங்கள். அவன் திரையைக் காட்டட்டும். நீங்கள் சொல்லைக் கொடுங்கள். கரிசற்காட்டுச் சிறுவன் கணினியைத் திறக்கும் நாளில் ‘சுமை’ என்னும் தமிழ்ச்சொல் அவன் கண்ணில் படட்டும். அந்நாளில் அவன் கணினிக்கு அயலானாய் நில்லான். அதன் உரியவனாய் நிற்பான்!