சொல்லி எழுதுவிப்பது கற்பித்தலாகுமா?

"பிள்ளைகளின் தரம் வீழ்ந்துவிட்டது." விரிவுரையாளர்களின் ஓய்வறைகளில் ஓயாது எழும் புலம்பல் இது. யாருடைய தரம் என்று திருப்பிக் கேட்பார்தான் எவருமில்லை.

1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுக் கரையோரத்து உழவன் மகனுக்கும் மீனவன் மகளுக்கும் கல்விக்கூடக் கதவைத் திறந்தது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அந்தக் கதவை ஊர் வாசலுக்கே கொண்டுவந்தது. ஆனால் உள்ளே நுழைந்த பிள்ளையின் கதி என்ன? பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் பயின்றவள், விஞ்ஞானப் பட்டப்படிப்பின் முதல் நாளிலேயே ஆங்கில விரிவுரையின் முன் அமர்கிறாள். விரிவுரையாளர் வாசிக்கிறார், அவள் எழுதுகிறாள். கொப்பி நிறைகிறது. இது ஓர் ஊருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரிய நோயன்று; நாடெங்கும் பரவியது. வீட்டில் ஆங்கிலம் பேசும் வசதி படைத்தவன் எப்படியோ கரையேறிவிடுகிறான். மூழ்குபவள் மீனவன் மகளே. அவளைத்தான் நாம் 'தரமற்றவள்' என்கிறோம்!

உயர்தர வகுப்பில் 'பிரசாரணம்' என்று அவள் செவ்வையாகக் கற்றதே இங்கே 'ஒஸ்மோசிஸ்' என்று வருகிறது. இரண்டும் ஒன்றென்று சொல்ல அரை நிமிடம் போதும், அதையும் சொல்வாரில்லை. பாடத்தைத் தொடங்குமுன், "கருவாட்டுக்கு உப்பிட்டால் மீனிலிருந்து நீர் வடிவதேன்?" என்று கேளுங்கள். பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் தமிழிலேயே வாதாடட்டும். பிறகு தம் விடையை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதட்டும். கரைவாடியிலே பிறந்து வளர்ந்தவள் அன்றைக்கு வகுப்பின் ஆசிரியையாகிவிடுவாள்.

ஆங்கிலத்தை விரட்டச் சொல்கிறேன் என்று எவரும் சீற வேண்டாம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. அவரே 1930களிற் சென்னையில் அறிவியலுக்குத் தமிழ்க் கலைச்சொல் ஆக்கும் பணிக்கும் தலைமை தாங்கினார். இரு மொழியும் ஒரே தலைக்குள் இணங்கி வாழும்.

"பாடத்திட்டத்தை முடிக்க வேண்டுமே!" என்பார்கள். முடிப்பது யார்? விரிவுரையாளரின் வாய் முடித்துவிடுகிறது. மாணவியின் மூளையோ தொடங்கவே இல்லை. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் பாருங்கள். ஒரு பகுதி மாணவர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தனர்; மறு பகுதியினர் வாசித்தபின் தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது வாசித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ நினைவிலிருந்து எழுதியவர் முந்திவிட்டனர். நமது பரீட்சை ஐந்து நிமிடத்திலா வருகிறது?

ஆகவே, கடைசிப் பத்து நிமிடம் கொப்பியை மூடச் சொல்லுங்கள். அன்று விளங்கியதையும் விளங்காததையும் பெயரில்லாத் தாளில் எழுதுவியுங்கள். இருநூறு தாளையும் திருத்த வேண்டியதில்லை. இருபதைப் புரட்டினாலே பிழை எங்கே என்று தெரிந்துவிடும். அடுத்த விரிவுரையை அந்தப் பிழையிலிருந்தே தொடங்குங்கள். இதற்கு மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டாம், புதிய கட்டடமும் வேண்டாம். வரும் திங்கட்கிழமையே செய்யலாம்.