மாணவர் விசாவை நம்பி வீட்டை ஈடு வைக்கலாமா?

கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும்போதெல்லாம் எமது பிரதேசங்களிலுள்ள பல குடும்பங்களில் ஒரே கேள்வி எழுகின்றது. இனி என்ன செய்வது? பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்ற ஒரு நாட்டில், எஞ்சியோரின் பெற்றோர் கடன்பட்டாவது தமது பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுவதில் வியப்பேதுமில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்த எண்ணத்தை மேலும் வலுப்படுத்தியது. எனினும், அதே நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்தமையால் வெளிநாட்டுக் கல்விக்கான செலவும் பெருமளவு உயர்ந்தது என்பதை மறந்துவிட முடியாது.

இத்தகைய நிலையில்தான் "படித்துக்கொண்டே உழைக்கலாம், படிப்பு முடிந்ததும் தொழில் அனுமதியும் கிடைக்கும்" என்ற முகவர்களின் வார்த்தை காதில் தேனாகப் பாய்கின்றது. அந்த வார்த்தையை நம்பிக் காணிகள் ஈடு வைக்கப்படுகின்றன; தாய்மாரின் நகைகள் அடகுக் கடைக்குப் போகின்றன; வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கைமாற்றுப் பெறப்படுகின்றது. இவ்வளவு பாரத்தையும் ஒரு மாணவர் விசாவினால் தாங்க முடியுமா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் விடயமாகும்.

எமது மாணவர்கள் பெருமளவில் நாடுகின்ற பிரித்தானியாவையே முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கு பட்டப்படிப்பை மேற்கொள்ளும் வெளிநாட்டு மாணவர் தவணைக் காலத்தில் வாரமொன்றுக்கு ஆகக்கூடியது 20 மணித்தியாலங்களே வேலை செய்யலாம். பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட கற்கைநெறியாயின் 10 மணித்தியாலங்கள் மட்டுமே. சுயதொழில் செய்ய அனுமதியில்லை. விடுமுறைக் காலத்தில் முழுநேரமும் வேலை செய்யலாம் என்பது உண்மையே. ஆனால், ஓராண்டு முதுமாணிப் பட்டம் பயில்வோருக்குக் கோடைகாலம் விடுமுறையல்ல. ஆய்வுக்கட்டுரை எழுதும் அந்த மாதங்களும் தவணையாகவே கொள்ளப்படுகின்றன. இதை அறியாது கோடையில் முழுநேர வேலை செய்து விசாவுக்கு ஆபத்தைத் தேடிக்கொள்பவர்களும் உள்ளனர்.

இனி, அந்த நாட்டு அரசாங்கத்தின் கணக்கையே பார்ப்போம். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுக்குமான குறைந்தபட்ச ஊதியம் மணித்தியாலத்துக்கு 12.21 ஸ்ரேலிங் பவுண் என நிர்ணயிக்கப்பட்டது. வாரத்துக்கு 20 மணித்தியாலங்கள் தவறாது வேலை கிடைத்தாலும் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,058 பவுண்களே சேரும். 18 முதல் 20 வயது வரையானவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊதியமோ 10 பவுண். அவர்களுக்குக் கிடைப்பது 870 பவுண்களையும் எட்டாது. மறுபுறத்தில், லண்டனில் வாழ்க்கைச் செலவுக்கென மாதமொன்றுக்கு 1,529 பவுண் வீதம் ஒன்பது மாதங்களுக்கான பணம் தம்மிடம் இருப்பதை விசாவுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் காட்ட வேண்டும் என்று 2025 நவம்பரில் விதிக்கப்பட்டது. சட்டப்படி உழைக்கக்கூடிய பணம் உணவுக்கும் உறைவிடத்துக்குமே போதாது என்பதை விதியை வகுத்தவர்களே ஒப்புக்கொள்கின்றனர் என்பதுதான் இதன் பொருள். கல்விக் கட்டணத்துக்கு அதிலிருந்து ஒரு சதமேனும் மிஞ்சப் போவதில்லை. ஊரிலுள்ள கடனை அடைப்பது எங்ஙனம்?

இந்தப் பற்றாக்குறையே மாணவர்களை இருட்டுக்குள் தள்ளுகின்றது. அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு மேல் கணக்கில் காட்டாத வேலைக்குச் செல்பவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்பதெல்லாம் வெறும் பேச்சு. முதலாளி கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்காவிட்டால் முறையிட இடமில்லை. முறையிட்டால் முதலில் பறிபோவது தமது விசாவே என்பதை அவர் அறிவார், முதலாளியும் அறிவார். சட்டவிரோதமாக ஒருவரை வேலைக்கு அமர்த்தும் முதலாளிக்கான தண்டப்பணம் 2024 பெப்ரவரியில் ஆளொருவருக்கு 60,000 பவுண் வரை உயர்த்தப்பட்டது. அந்த ஆபத்துக்கான விலையையும் ஈற்றில் மாணவரின் கூலியிலிருந்தே கழிப்பார்கள்.

படிப்பு முடிந்த பின்னர் கிடைக்கும் தொழில் அனுமதியின் வரலாறு இதனிலும் கவனத்துக்குரியது. கற்கையின் பின்னர் இரண்டு வருடங்கள் வேலை செய்ய இடமளித்த விசாவைப் பிரித்தானிய அரசு 2012 ஏப்ரலில் முற்றாக நிறுத்தியது. அதே ஆண்டு ஓகஸ்டில் லண்டன் மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமத்தை இழந்தபோது, தாம் எந்தத் தவறும் செய்யாத மாணவர்களும் வேறு பல்கலைக்கழகம் தேடி அலைய நேர்ந்தது. 2021 ஜூலையில் இரண்டு வருட அனுமதி "பட்டதாரி வழி" என்ற பெயரில் மீண்டும் வந்தது. 2024 ஜனவரி முதல், ஆய்வுப் பட்டம் பயில்வோர் போன்ற சிலரைத் தவிர ஏனைய மாணவர்கள் தமது குடும்பத்தினரை அழைத்துச் செல்வது தடுக்கப்பட்டது. 2025 இல் வெளியான மற்றோர் அறிவிப்பின்படி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு இந்த அனுமதி 18 மாதங்களாகக் குறைக்கப்படுகின்றது. கலாநிதிப் பட்டம் பெறுவோருக்கு மட்டும் மூன்று வருடங்கள் தொடர்கின்றன.

அந்தக் காலம் முடிந்ததும் நிலையான வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் 2025 ஜூலை 22 ஆம் திகதி பலத்த அடி விழுந்தது. தேர்ச்சி பெற்ற தொழிலாளர் விசாவுக்கான பொதுச் சம்பள எல்லை வருடத்துக்கு 41,700 பவுண்களாகவும், மாணவராக இருந்து மாறுவோர் போன்ற புதியவர்களுக்கு 33,400 பவுண்களாகவும் அன்று உயர்த்தப்பட்டன. பட்டதாரித் தரத்துக்குக் குறைந்த பெரும்பாலான தொழில்களும் பராமரிப்பாளர் வேலைக்காக வெளிநாட்டிலிருந்து ஆட்சேர்ப்பதும் அன்றே அடைபட்டன. கடையிலோ உணவகத்திலோ பெற்ற வேலை அனுபவம் இந்தக் கதவைத் திறக்காது.

பிரித்தானியா மட்டுமே இவ்வாறு நடந்துகொள்கின்றது என்று கூறுவதற்கில்லை. கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 20 மணித்தியாலங்கள் என்றிருந்த எல்லை 2022 நவம்பரில் நீக்கப்பட்டது. 2024 ஏப்ரல் முடிவில் மீண்டும் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் 24 மணித்தியாலங்களாக மாற்றப்பட்டது. புதிய மாணவர்களின் தொகைக்கும் 2024 இல் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவும் 2022 இல் தளர்த்திய கட்டுப்பாட்டை 2023 ஜூலையில் இரண்டு வாரங்களுக்கு 48 மணித்தியாலங்கள் என்று திரும்பக் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் பட்டதாரி விசாவுக்கான வயதெல்லையைப் பெரும்பாலானோருக்கு 50 இலிருந்து 35 ஆகக் குறைத்தது. எமது முஸ்லிம் சகோதரர்கள் பலர் நாடும் மலேசியாவில், மாணவர் அனுமதியில் தங்கியிருப்பவர் விடுமுறைக் காலத்தில் குறிப்பிட்ட சில துறைகளில் மட்டுமே பகுதிநேர வேலை செய்ய முடியும்.

மாணவர் பரிமாற்றத் திட்டங்களின் நிலையும் வேறு. அமெரிக்காவின் ஜே-1 விசாவில், அரச நிதியுதவியுடன் செல்பவர் திட்டம் முடிந்ததும் இரண்டு வருடங்கள் தாய்நாட்டில் வாழ்ந்த பின்னரே அங்கு தொழில் விசாவோ நிரந்தர வதிவிடமோ பெறலாம். கற்றதைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அத்திட்டத்தின் நோக்கம். இந்த நிபந்தனையை அறியாமல் அதைக் குடியேற்றத்துக்கான வழியாகக் கருதுவது பெருந் தவறாகும்.

இந்த அலைக்கழிப்புக்கான காரணத்தையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர்களுக்கான வருடாந்தக் கட்டணம் 2017 முதல் 2025 வரை 9,250 பவுண்களாகவே முடக்கப்பட்டிருந்தது. அந்தப் பற்றாக்குறையைப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தைக் கொண்டே ஈடுசெய்தன. மறுபுறத்தில், குடியேறுவோரின் தொகையைக் குறைப்பதாக வாக்காளருக்கு உறுதியளித்த அரசியல்வாதிகளுக்கு அதே மாணவர் ஒரு சுமையாகத் தெரிகின்றார். பல்கலைக்கழகம் அழைக்கின்றது, உள்துறை அமைச்சு தடுக்கின்றது. யாரை எத்தனை காலம் அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அந்தந்த நாடுகளுக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பணத்தைக் கட்டிவிட்டுப் பாதி வழியில் நிற்கும் மாணவருக்கு எதிராகவே விதிகள் பெரும்பாலும் மாறுகின்றன என்பது வருந்தத்தக்கதாகும்.

முகவர்கள் அனைவரையும் நாம் குறைகூறவில்லை. மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குப் பல்கலைக்கழகம் தரகுப்பணம் வழங்குவது வழமை. அந்த ஆலோசனை இலவசமாகக் கிடைப்பினும் அது பக்கச்சார்பற்றதல்ல. வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்ப்பவர் உரிமம் பெற வேண்டுமென 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் கூறுகின்றது. வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவருக்கு இருக்கும் அந்தக் குறைந்தபட்சப் பாதுகாப்பு, படிக்கவென்று பல இலட்சம் ரூபாவைக் கையளிக்கும் மாணவருக்கும் கிடைக்க வேண்டாமா? கல்வி முகவர்களையும் பதிவுக்கு உட்படுத்தி, பெறும் தரகுப்பணத்தை வெளிப்படுத்தவும், வேலை தொடர்பான வாக்குறுதிகளை எழுத்தில் தரவும் கட்டாயப்படுத்தும் ஏற்பாட்டை அரசாங்கம் கொண்டுவர வேண்டும். விசா விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் காலத்துக்குக் காலம் வெளியிடுவது வெளிவிவகார அமைச்சுக்குப் பெரிய செலவான காரியமுமல்ல.

பெற்றோருக்கு நாம் கூறக்கூடியது ஒன்றுதான். பிள்ளை அங்கு ஒரு மணித்தியாலமேனும் வேலை செய்யாது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கட்டணத்தையும் செலவையும் தாங்க முடியுமாயின் தயங்காது அனுப்புங்கள். கிடைக்கும் வேலை மேலதிக உதவியாக அமையட்டும். தாங்க முடியாதாயின், மற்றொரு நாட்டின் அமைச்சர் அடுத்த ஆண்டு எடுக்கப்போகும் முடிவை நம்பியே குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்கின்றீர்கள் என்பதை உணர்ந்துகொள்ளுங்கள். கல்விக்காகக் கடன்படுவது எமது சமூகங்களுக்குப் புதிதல்ல. ஆனால், அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகவே பிள்ளை கல்வியைக் கைவிட நேருமானால் அந்தப் பயணத்தின் நோக்கமே தோற்றுவிடும்.